மலச்சிக்கலுக்கு வயிறு உருவி விடலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 72. ஐந்து வருஷமாக மலச்சிக்கல். நாலைந்து நாளுக்கு ஒரு முறைதான் போகிறார், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. முழங்கால் வலி வந்த பிறகு பின்கட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். பிரஷருக்கு அம்லோடிபின், இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் நிலாவாரைச் சூரணம், மாதம் ஒரு தடவை விளக்கெண்ணெய். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியம்மா வாரம் ஒரு நாள் வந்து, குடல் ஏறியிருக்கிறது என்று சொல்லி, எண்ணெய் போட்டு வயிற்றைப் பிசைந்து விடுகிறார். போன வாரம் தொப்புளைச் சுற்றிக் கன்றிப்போய் இரண்டு நாள் வலி. இரண்டு மாதமாக அவ்வப்போது புடவையில் தண்ணீர் மாதிரி கசிகிறது. பேதி என்று நினைத்து நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்தோம். மசாஜ் உண்மையிலேயே மலச்சிக்கலைத் தீர்க்குமா? தொடரலாமா? நானே செய்து விடலாமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள ஆச்சி,

மசாஜ் செய்யலாம், நீங்களே செய்யலாம். ஆனால் இந்த வாரம் யாரும் அவர் வயிற்றில் கை வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, புடவையில் கசிகிறது என்று, அதுதான் காரணம்.

நாலைந்து நாள் போகாத வயிறு திடீரென்று தண்ணீராகப் போனால், அதுவும் வயதானவருக்கு அவர் அறியாமலே கசிந்தால், பேதி என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெரும்பாலும் மலக்குடலில் இறுகிய கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே தேங்கிய இளகிய மலம் கட்டியின் ஓரமாக வழி தேடி ஒழுகும். கண்மாய் மடையைச் செத்தையும் சேறும் அடைத்துக்கொண்ட பிறகும் ஓரத்தில் நீர் ஒழுகுமே, அப்படித்தான். பேதியை நிறுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைப்பவை. அடைபட்ட குடலுக்கு அவற்றைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

வயிற்று மசாஜ் என்பது மேலிருந்து கொடுக்கும் உந்துதல். கீழே மடை அடைத்திருக்கும்போது மேலே எவ்வளவு உந்தினாலும் வலியும் குமட்டலும்தான் மிஞ்சும். மலம் எங்கே, எதனால் தங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வயிற்றில் கை போக வேண்டும். 'குடலேற்றம்' என்ற ஒரே பெயரை எல்லா வயிற்றுக்கும் வைத்துவிட்டுப் பிசைவதில் வரும் பிழை இதுதான். குடல் மேலே ஏறுவதும் இல்லை, கையால் பிடித்து இறக்குவதற்கும் இல்லை.

காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ, சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ அழைத்துப் போய், ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. கூச்சத்தில் பெரியவர் வேண்டாம் என்பார், கூட்டத்தில் டாக்டரும் விட்டுவிடக்கூடும். பெண் டாக்டர் பார்த்தால் அயித்தைக்குச் சங்கடம் குறையும். அந்த ஒரு விரலில் மூன்று விஷயம் தெரிந்துவிடும். கட்டி அடைத்திருக்கிறதா, மூலமோ வெடிப்போ புண்ணோ இருந்து, அந்த வலிக்குப் பயந்து அடக்குகிறாரா, முக்கச் சொன்னால் ஆசனவாய்த் தசை தளர்கிறதா, இல்லை எதிர்மாறாக இறுகுகிறதா. மூன்றாவது பலருக்குத் தெரியாத காரணம். தள்ளும்போதே வாசலைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் தசைக்கு வந்துவிட்டிருக்கும். இவர்களுக்கு மருந்தையும் மசாஜையும்விடத் தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பயோஃபீட்பேக் பயிற்சிதான் பலன் தரும். பெரிய நகரங்களின் குடல்நோய்ப் பிரிவுகளில் கேட்டுப் பாருங்கள்.

கட்டி இருந்தால் அதை அங்கேயே எடுக்க வேண்டும். கிளிசரின் மருந்துக் குச்சி, எனிமா, தேவைப்பட்டால் விரலால் எடுப்பது, கூடவே மலத்தை இளக்கும் பாலிஎதிலீன் கிளைகால் தூள் என்று டாக்டர் ஒரு வழி சொல்வார். வீட்டில் சோப்புத் தண்ணீர் எனிமா கொடுக்காதீர்கள். குடலின் உள்சவ்வைப் புண்ணாக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவையும் கேட்காமல் போடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்த வயதில் அது இரத்தத்தில் உப்புகளின் அளவை ஆபத்தாக மாற்றிவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதைத் தள்ளிப் போடாதீர்கள். 72 வயதில் சோகையும் மலச்சிக்கலும் சேர்ந்து இருக்கிறது. சோகைக்கு மாத்திரை கொடுத்தார்கள், சோகை எதனால் வந்தது என்று பார்த்தார்களா? குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்தாலும் இரும்புச்சத்து குறையும். பெருங்குடல் புற்றுநோய் சில சமயம் இந்த இரண்டு அறிகுறிகளோடு மட்டும் வரும். எடை குறைந்திருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலோ பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவையா என்று நேராகக் கேளுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், மாத்திரையின் பெயரையும் தொடங்கிய மாதத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கு இரத்தப் பரிசோதனைகளையும் அதோடு முடித்துக்கொள்ளலாம். பயப்படுத்த எழுதவில்லை ஆச்சி. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட வயிற்றில் கை வைப்பது வேறு, தெரியாத வயிற்றில் கை வைப்பது வேறு.

இனி மசாஜுக்கு வருவோம். மசாஜ் மலத்தை இளக்காது. அது தண்ணீரும் நார்ச்சத்தும் மருந்தும் செய்கிற வேலை. வெளியிலிருந்து வரும் இதமான அழுத்தமும் இழுப்பும் பெருங்குடலின் சுவரைத் தொட்டு அதன் அலை அசைவைத் தூண்டுகின்றன, தேங்கிய வாயு நகர்கிறது, இறுகிய வயிறு தளர்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஸ்வீடனில் மலச்சிக்கல் உள்ள 60 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்தோடு தினம் 15 நிமிடம், வாரம் 5 நாள், 8 வாரம் வயிற்று மசாஜ். அவர்களுக்குச் சிக்கலும் வயிற்று வலியும் குறைந்தன, போகும் தடவைகள் கூடின. ஆனால் மலமிளக்கி மருந்தின் அளவு குறையவில்லை. 2018-இல் பிரிட்டனில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் சுமார் 190 பேரிடம் செய்த ஆய்வில், முக்கிய அளவீட்டில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. வாரத்தில் போகும் எண்ணிக்கை மட்டும் சற்றே கூடியது. ஆகவே இது மருந்துக்குத் துணை, மாற்று இல்லை. பத்து அமர்வில் ஜென்மத்துக்கும் மலச்சிக்கல் வராது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெரியம்மாவின் வாரம் ஒரு நாள் முறை ஏன் பலன் தரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இது தினசரி வேலை. வாரம் ஒரு முறை பலமாகச் செய்வதைவிடத் தினம் 12 முதல் 15 நிமிடம் மென்மையாகச் செய்வதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. பலமாக அழுத்தினால் வயிற்றுத் தசை தற்காப்புக்காக இறுகிக்கொள்ளும். அழுத்தம் தசையோடு நின்றுவிடும், குடலுக்குப் போய்ச் சேராது. வயதானவரின் தோலும் இரத்தக் குழாயும் மெலிந்தவை. கன்றிப்போனதே அளவு மீறியதற்கு அடையாளம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை இருந்தால் இலேசான அழுத்தத்துக்கே கன்றும்.

யாருக்கெல்லாம் செய்யவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, வாயுவும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். மசாஜைப் பற்றிப் பேசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடலிறக்கம் இருப்பவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து மூன்று மாதம் ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றில் புற்றுநோய் அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை உள்ளவர்கள், குடல் அழற்சி கிளம்பியிருப்பவர்கள், மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருப்பவர்கள் வயிற்றில் மசாஜ் செய்யக் கூடாது. தொப்புளுக்கு மேலே நடுவில் கை வைத்தால் அகலமான கட்டி ஒன்று நாடி போலத் துடிக்கிறது என்றால் கையை எடுத்துவிட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும், பெருந்தமனி வீங்கியிருக்கலாம். மெலிந்தவர்களுக்கு அங்கே நாடித் துடிப்பு இலேசாகத் தெரிவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

டாக்டர் பார்த்து, கட்டி நீங்கி, 'செய்யலாம்' என்ற பிறகு இப்படித் தொடங்குங்கள்.

காலையில் வெறும் வயிற்றில்தான். எழுந்ததும் 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரோ அவருக்குப் பிடித்த காப்பியோ கொடுத்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டாம், இடுப்பு குழிந்துவிடும். பலகைக் கட்டிலில் மெத்தை போட்டு மல்லாந்து படுக்க வைக்கலாம். தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு அடியில் இரண்டு. முழங்கால் மடங்கியிருந்தால்தான் வயிற்றுத் தசை தளரும். கட்டில் உங்கள் தொடை உயரத்துக்கு இருந்தால் உங்கள் முதுகு பிழைக்கும்; தாழ்வாக இருந்தால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. போதும்: நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு. நிறைய ஊற்றினால் கை வழுக்கும், அழுத்தம் சீராக இருக்காது. விளக்கெண்ணெய் பிசுபிசுத்துத் தோலை இழுக்கும். தொப்புளில் ஊற்றும் எண்ணெய் குடலுக்குள் போகும் என்பது நம்பிக்கைதான், அதற்கு வழியே இல்லை.

அவருடைய வலப்பக்கம், முகத்தைப் பார்த்தபடி இருங்கள். இனி நான் வலம், இடம் என்பதெல்லாம் அவருடைய வலம், இடம். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் இடுப்பெலும்பு முனைக்குச் சற்று உள்ளே தொடங்கி, வலது விலாவுக்கு அடி வரை ஏறி, தொப்புளுக்கு மேலே குறுக்காக இடப்பக்கம் போய், இடது விலாவுக்கு அடியிலிருந்து இறங்கி, இடது தொடை இடுக்குக்கு மேலே உள்ளே வளைந்து மலக்குடலில் சேர்கிறது. உங்கள் கை எப்போதும் இந்த வழியிலேயே, இந்தத் திசையிலேயே போக வேண்டும். வயிற்றின் மேல் ஒரு கடிகாரம் வைத்ததாக நினைத்தால் முள் சுற்றும் திசை.

முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் மேல் சும்மா வைத்து ஒரு நிமிடம் இருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு உங்கள் கையைத் தூக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் வீண் இல்லை. வயிறு கையை ஏற்றுக்கொள்ளும் நேரம் அது.

பிறகு மூன்று கோலங்கள். முதலாவது ஒரு நேர்க்கோடு: இடது விலாவுக்கு அடியிலிருந்து இடது இடுக்கு வரை, தட்டையான உள்ளங்கையால் மேலிருந்து கீழாக, ஒரு தடவைக்கு நாலைந்து விநாடி, பத்து தடவை. இரண்டாவது, 180 பாகை திருப்பி வைத்த 'ட': வலது விலாவுக்கு அடியிலிருந்து தொப்புளுக்கு மேலே குறுக்காக இடப்பக்கம், அங்கிருந்து கீழே. பத்து தடவை. மூன்றாவது, கவிழ்த்து வைத்த 'ப': வலது இடுப்பெலும்பு முனையிலிருந்து மேலே, குறுக்காக, பிறகு இடப்பக்கம் கீழே. பத்து தடவை. கோடு, ட, ப என்று நினைவு வைத்துக்கொண்டால் தப்பாது. ஏன் இந்த வரிசை என்றால், கடைசிப் பகுதி காலியானால்தான் முன்பகுதியில் இருப்பது நகர இடம் கிடைக்கும். கோயில் வாசலில் நிற்பவர் வெளியேறினால்தானே உள்ளே நிற்பவர் நகர முடியும்! எடுத்த எடுப்பில் வலப்பக்கத்திலிருந்து தள்ளத் தொடங்குவதுதான் வீட்டில் செய்பவர்கள் பலர் செய்யும் தவறு.

இதற்குப் பிறகு பிசைதல், இடப்பக்கம் மட்டும். இடது விலாவிலிருந்து இடுக்கு வரை ஐந்தாறு இடங்களில் மூன்று விரல்களின் பட்டையால், நுனியால் குத்தாமல், பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன வட்டங்கள், இடத்துக்குப் பத்து. விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலோடு சேர்ந்து உள்ளே இருப்பது அசைய வேண்டும். முடிந்ததும் 'ப' இன்னொரு பத்து தடவை, கடைசியில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரு நிமிடம் மெல்ல அதிர்த்துவிட்டு முடியுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்பதுதான் எழுத்தில் சொல்ல முடியாதது. கொய்யா பழுத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அழுத்தத்தில் தொடங்குங்கள். வயிறு இளகினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போகலாம். இடியாப்ப மாவு பிசைகிற அழுத்தம் எந்தக் கட்டத்திலும் கூடாது. உங்கள் கண் அவர் முகத்தில் இருக்கட்டும். முகம் சுளித்தாலோ, மூச்சைப் பிடித்தாலோ, கைக்கு அடியில் வயிறு கல்லானாலோ அழுத்தம் அதிகம். தொப்புளுக்குக் கீழே நடுவில் சிறுநீர்ப்பை, வலது விலாவை ஒட்டிக் கல்லீரல். இரண்டு இடத்திலும் அழுத்த வேண்டாம். இடது அடிவயிற்றில் கயிறு போல ஒன்று தட்டுப்படும். அழுத்தினால் குழி விழுந்து, மலம் போன பிறகு காணாமல் போனால் அது மலம். போன பிறகும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மசாஜ் முடிந்தவுடன் போக வேண்டும் என்று உட்கார வைக்காதீர்கள். காலைப் பலகாரம் சாப்பிடட்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், அந்த அனிச்சை காலையில்தான் பலமாக இருக்கும். மசாஜ் 6:30, பலகாரம் 7:00, கழிவறை 7:20 என்று தினமும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம்தான். அதற்கு மேல் உட்கார வைத்தால் மூலம்தான் வளரும். சாப்பிட்ட வயிற்றில் மட்டும் மசாஜ் வேண்டாம், இரண்டு மணி நேரம் இடைவெளி தேவை; இல்லாவிட்டால் எதுக்களித்துக்கொண்டு வரும்.

இப்போது உங்கள் பின்கட்டு டாய்லெட். இதற்கு மசாஜைவிடக் கூடுதல் எடை கொடுப்பேன். குந்தி உட்காரும்போது மலக்குடலைக் கொக்கி போல வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வளைவு முழுதாக நேராவதில்லை. உயரம் குறைந்த பெரியவர்களுக்குக் கால் தரையில் ஊன்றவே ஊன்றாது. அந்தரத்தில் தொங்கும் காலோடு யாராலும் முக்க முடியாது. தச்சரிடம் சொல்லி 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், இரண்டு பாதமும் அகலமாக வைக்கிற மாதிரி வழுக்காத பலகை ஒன்று செய்து காலடியில் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வர வேண்டும். முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி, வாயைத் திறந்து 'ஊ' என்று மூச்சை விட்டபடி தள்ளச் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் பிரஷர் உள்ளவருக்கு மயக்கம் வரலாம், ஆசனவாய்த் தசையும் இறுகும். எழுந்திருக்கப் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி.

நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. படுக்கும் அறையிலிருந்து வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, படி இறங்கிப் பின்கட்டுக்குப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர் 'அப்புறம் போகலாம்' என்று உந்துதலை அடக்குவார். அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, அடுத்த முறை உந்துதலே தெரியாமல் போகும். தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சி இன்னும் கல்லாக்கும். ஐந்து வருஷச் சிக்கலில் இந்தத் தூரத்துக்குக் கணிசமான பங்கு இருக்கலாம். படுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு கமோடு நாற்காலி வைத்துவிடுங்கள். மசாஜ் முடிந்ததும் பாதத்திலும் தரையிலும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் எண்ணெய்க் கால் பட்டால் இடுப்பெலும்பு முறியும்.

மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும் மலத்தை இறுக்கும். அம்லோடிபினும் சிலருக்கு இறுக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரும்பை ஒன்றுவிட்ட நாள் கொடுக்கலாமா, கால்சியத்தில் வேறு வகை உண்டா, பிரஷருக்கு மாற்று மாத்திரை பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நிலாவாரையைக் கண்டு பயப்பட வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் விளைந்து உலகமெங்கும் போகும் சென்னா இலை அதுதான், டாக்டர்கள் எழுதும் மாத்திரையிலும் அதே சத்துதான் இருக்கிறது. சூரணத்தில் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் அளவு மாறுவதுதான் சிக்கல். அளவு தெரிந்த மாத்திரையாகவோ, லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைகாலாகவோ மாற்றித் தரச் சொல்லலாம். மசாஜ் தொடங்கிய அன்றே மருந்தை நிறுத்திவிடாதீர்கள், பத்தே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். விளக்கெண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள். அது சிறுகுடலையே பிரட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றும், உடம்பின் நீரும் உப்பும் போகும். பிறகு நாலு நாள் குடலில் எதுவும் இல்லாததால் போகாது. அதைச் சிக்கல் என்று நினைத்து மறுபடி மருந்து கொடுப்போம்.

தண்ணீர் ஒன்றரை லிட்டராவது வேண்டும், இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு கட்டியிருந்தால் தவிர. ராத்திரி எழுந்திருக்கும் பயத்துக்கு வழி இருக்கிறது: முழு அளவையும் மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் நார்ச்சத்து நாளுக்கு 25 கிராம் இலக்கு. ஆனால் கட்டி நீங்கிய பிறகுதான், வாரத்துக்கு ஒரு சேர்க்கையாக. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், இட்லி எல்லாம் தீட்டிய அரிசி, நார் சொற்பம். அவற்றைப் பறிக்க வேண்டாம், பக்கத்தில் வைப்பதை மாற்றுங்கள்: கீரை மண்டி, வாழைப்பூ, அவரை, கொத்தவரை, விதையோடு ஒரு கொய்யா. கவுனி அரிசி தவிட்டோடு இருப்பது, நல்லதுதான். சர்க்கரையும் நெய்யும் போட்ட இனிப்பாக இல்லாமல் இரவே ஊறவைத்துக் கஞ்சியாகக் கொடுங்கள். இசப்கோல் போடுவதென்றால் ஒரு தேக்கரண்டிக்கு ஒரு பெரிய டம்ளர், 250 மி.லி. தண்ணீர் உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத இசப்கோல் களியாகி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் அது வேண்டவே வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, போனாரா, மலம் எப்படி, முக்கினாரா, அன்று என்ன மருந்து, மசாஜ் உண்டா என்று ஆறு பத்திகள். மலத்தின் வடிவத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை என்று 1 முதல் 7 வரை எண் உண்டு. ஆட்டுப் புழுக்கை 1, முடிச்சு முடிச்சான கட்டி 2, வாழைப்பழம் போல வழவழப்பாக வருவது 4. உங்கள் இலக்கு 3 அல்லது 4, வாரத்தில் மூன்று முறையாவது. தினமும் போயாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் வாரத்தில் வாயு பிரிவதும் வயிறு இலேசாவதும்தான் தெரியும். எட்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள் செய்து, நோட்டில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிட்டு அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். ஆசனவாய்த் தசையா, குடலின் வேகமா என்று பிரித்தறியும் பரிசோதனைகள் இருக்கின்றன. நடுவில் புதிதாக வலி, வாந்தி, காய்ச்சல், இரத்தம், மறுபடி கசிவு எது வந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும்.

அயித்தையின் கைக்கு வலு இருந்தால் அவரே செய்துகொள்ளவும் பழக்கலாம், அதே கோடு, ட, ப வரிசையில். அவர் தம் வயிற்றைப் பார்க்கும்போது எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்பதால் எழுத்தை மறந்துவிட்டு, 'வலது இடுப்பில் ஏறி இடது இடுப்பில் இறங்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

வாரம் ஒரு நாள் வருகிற பெரியம்மாவையும் நிறுத்த வேண்டாம். முழங்காலைச் சுற்றியும் முதுகிலும் தோளிலும் அவர் எண்ணெய் போட்டு இதமாக உருவுவதில் கெடுதல் இல்லை, வலிக்கு ஆறுதல்தான். காலில் வீக்கமும் சூடும் ஒரு பக்கமாக இருந்தால் மட்டும் அன்று கெண்டைக்காலைத் தொடக் கூடாது. வயிறு மட்டும் உங்கள் கையோடு இருக்கட்டும்.